ஒரே தடவைதான் கேட்கும்

படத்தைப் பார்த்து விரலால் தள்ளி ஜோடி தேடுகிற ஆப்புகளில், லிஃப்ட் மெக்கானிக்கை யாரும் பிடித்திருக்கிறது என்று வலது பக்கம் தள்ளியதில்லை. அவன் போட்டிருந்த படம் அப்படி. லிஃப்ட் பெட்டியின் தலைமேல் உட்கார்ந்து, கிரீஸ் அப்பிய மூஞ்சியோடு, கூட வேலை பார்க்கிறவன் எடுத்தது. பின்னால் இரும்புக் கயிறுகள். தப்பி ஓடினவனைப் பிடித்து உட்கார வைத்த மாதிரி இருந்தான்.

"இந்தப் படத்துக்குப் பொண்ணு வராதுடா, போலீஸ்தான் வரும்" என்றாள் அக்கா.

புது ஆப்பைக் கண்டுபிடித்ததும் அக்காதான். அவள் வேலை பார்க்கிற மருந்துக்கடையில் ஒரு பெண்ணுக்கு அதில் ஆள் அமைந்துவிட்டதாம். தள்ளித் தள்ளி ஜனங்களுக்கு விரல்தான் தேய்ந்தது, வாழ்க்கை அமையவில்லை என்று இந்தக் கம்பெனிக்காரர்களுக்கும் புரிந்துவிட்டது. ஒருத்தன் உன் சிநேகிதர்களை விட்டே ஆள் தேடச் சொல்கிறான். இன்னொருத்தன் இரண்டு பேரையும் சேர்ந்து விளையாட விட்டுப் பார்க்கிறான். எப்படியாவது மற்றவனிலிருந்து வேறாகத் தெரிய வேண்டும் அவர்களுக்கு. இந்தப் புது ஆப்பில் படமே கிடையாது. எழுத்தும் கிடையாது. ஒரு நேரத்தில் ஒரே ஆள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு நிமிஷம் பேசலாம். எங்கே நிற்கிறாயோ அங்கே இருந்தே பேச வேண்டும், அழித்துவிட்டுத் திரும்பப் பேச முடியாது. கேட்கிறவரும் ஒரே தடவைதான் கேட்கலாம். கேட்டு முடித்ததும் அது போய்விடும், நேரில் பேசுகிற பேச்சு போய்விடுகிற மாதிரி. வேண்டாம் என்று ஒருத்தர் அழுத்திவிட்டால் அந்த ஆள் அத்தோடு சரி, ஜென்மத்துக்கும் திரும்ப வரமாட்டார்.

"உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. மூஞ்சி தெரியாது."

"குரல் தெரியுமே."

"குரலுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. பேச்சுதான் விளங்காது. பக்கத்துல நான் இருக்கேன், பார்த்துக்கலாம்."

அக்கா வீட்டில்தான் அவன் இருந்தான். முதல் குரல் வந்த சாயங்காலம், அக்கா சமையலறை மேடையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாமா முன்னறையில் டிவி முன்னால். மெக்கானிக் போனை உப்பு டப்பாமேல் சாய்த்து வைத்து, சத்தத்தைக் கூட்டி, தட்டினான்.

பெண் குரல். கொஞ்சம் கரகரப்பு. "வணக்கம். வேலை செய்யற இடத்துல இருந்து பேசறேன். பின்னாடி சத்தமா இருக்கும், கண்டுக்காதீங்க."

அவன் கண்டுகொண்டான். அந்தக் குரலுக்குப் பின்னால் இழுத்து ஒரு முனகல். சின்ன இடைவெளி. அப்புறம் தொம் என்று ஒரு குலுங்கல். மறுபடி முனகல், இடைவெளி, தொம். பிரேக் கட்டை தேய்ந்த லிஃப்ட் நிற்கும்போது இப்படித்தான் முனகும், இப்படித்தான் குலுங்கும். மூன்றாவது தொம்மில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. எத்தனை வருஷத்துப் பெட்டி, யார் பராமரிக்கிறான், இப்படியா விட்டு வைப்பான் என்று மனசு அந்தப் பக்கமே ஓடியது. முன்னால் அந்தப் பெண் பேசிக்கொண்டே இருந்தாள். நிமிஷம் முடிந்தது. திரையில் அவன் முறை வந்தது.

அவன் யோசிக்கவில்லை. அழுத்திப் பேசினான். "வணக்கம். உங்க பின்னாடி ஓடற லிஃப்ட்ல பிரேக் கட்டை தேஞ்சிருக்கு. அதுல ஏறாதீங்க. கூட வேலை செய்யறவங்களையும் ஏற விடாதீங்க. கட்டடத்தைப் பார்த்துக்கிறவர்கிட்ட இன்னிக்கே சொல்லுங்க. அவர் ஒண்ணும் இல்லைம்பார், அப்படித்தான் சொல்வாங்க, நம்பாதீங்க."

அக்கா கத்தியை வைத்துக்கொண்டு காற்றில் என்னென்னவோ வரைந்தாள். அவசரப்படுத்துகிறாள் என்று நினைத்து அவன் இன்னும் வேகமாக, படிக்கட்டில் நடப்பதால் உடம்புக்கு நல்லது என்பதையும் சேர்த்துச் சொல்லி முடித்தான்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "அவ என்ன சொன்னா, நீ என்ன பேசறே?"

"என்ன சொன்னா?"

"நீதானே கேட்டே?"

"சத்தமா இருக்கும்னா."

"அப்புறம்?"

"அப்புறம் லிஃப்ட்."

திட்டப்போகிறாள் என்று நினைத்தான். திட்டவில்லை. வெங்காயத்தை எண்ணெயில் கொட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு அதைப் பற்றி மேலே ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தது அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. அக்கா வாயை மூடுவது தூங்கும்போது மட்டும்தான்.

மறுநாள் பதில் வந்தது. இந்தத் தடவை டிவியை அணைத்துவிட்டு மாமாவும் வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றார்.

"எங்க கட்டடத்துல லிஃப்டே கிடையாதுங்க" என்று ஆரம்பித்தாள் அவள். சிரிப்பை அடக்கிப் பேசுவது தெரிந்தது. "வெறும் தரைத்தளம். இது பேக்கரி. நீங்க கேட்டது மாவு பிசையற மெஷின். மாவு திரண்டு பக்கத்துல மோதும்போது அப்படித்தான் தொம்முங்கும். இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். எங்க மாஸ்டர் காலையில இருந்து மெஷின்கிட்டப் போய், பிரேக் எப்படிப்பா இருக்குன்னு விசாரிச்சுட்டு வர்றார்."

மாமா வாயைப் பொத்திக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். அங்கிருந்து அவர் இருமுவது கேட்டது.

குரல் மாறியது. "சரி, அது கிடக்கட்டும். நேத்து நான் ஒரு விஷயம் சொன்னேன். எடுத்த எடுப்புல அதைத்தான் சொல்றது. ஓடறவங்க முதல்லயே ஓடட்டும்னு. நிறையப் பேர் அன்னிக்கே போயிட்டாங்க. நீங்க போகலை. ஆனா அதைப் பத்தி ஒரு வார்த்தையும் பேசலை. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அது உங்களுக்குப் பெரிய விஷயமாப் படலையா, இல்ல நான் சொன்னது காதுலயே விழலையா? எதுன்னு சொல்லிடுங்க. முதலாவதா இருந்தா..."

நிமிஷம் முடிந்துவிட்டது. முதலாவதாக இருந்தால் என்ன என்பது அதோடு போயிற்று.

"முதலாவதுன்னு சொல்லு" என்றாள் அக்கா.

"விஷயம் என்னன்னே தெரியாதே."

"நான் சொல்றேன். அவ..."

"வேணாம்." அவன் கையை நீட்டித் தடுத்தான்.

"ஏன்டா?"

"அவ என்கிட்டச் சொன்னது. நான் கேக்கலை. உன்கிட்டக் கேட்டுட்டு, நேத்தே கேட்டேன், பெருசாப் படலைன்னு சொன்னா அது பொய்யில்லையா?"

"சின்னப் பொய். இதைக்கூடச் சொல்லலைன்னா எந்தக் கல்யாணமும் நடக்காது."

"பெட்டியைத் திறந்து பார்க்காமலே பார்த்தாச்சுன்னு கையெழுத்துப் போடறவனுங்க எங்க கம்பெனியிலயே இருக்கானுங்க. அதை நம்பித்தான் ஜனங்க ஏறுது."

"திரும்பவும் லிஃப்டை இழுக்காதே. நேத்து இழுத்தது போதும்." அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவள் குரல் இறங்கியிருந்தது. "உண்மையைச் சொன்னா எனக்கே அது சரிப்பட்டு வருமான்னு தெரியலைடா. அதான் நேத்து வாயைத் திறக்கலை. தானாப் போனாப் போகட்டும்னு நினைச்சேன். இன்னிக்கு அந்தப் பொண்ணு கேக்கறதைக் கேட்டா மனசு கேக்கலை. உனக்கும் வயசு ஏறிக்கிட்டே போகுது. காதுல விழலைன்னு சொன்னா அவ அழுத்திட்டுப் போயிட்டே இருப்பா. அப்புறம் வேணும்னாலும் கிடைக்க மாட்டா."

அது அவனுக்கும் தெரியும். நேற்றுவரை அந்தப் பெண் ஒரு சத்தத்துக்கு முன்னால் நின்ற யாரோ. இன்றைக்கு மாஸ்டர் மெஷினை நலம் விசாரிக்கிறதைச் சொல்லிச் சிரித்தவள். அந்தச் சிரிப்பு அவனுக்கு வேண்டியிருந்தது.

போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினான்.

"ரெண்டாவதுதான்" என்றான். "காதுல விழலை. மெஷின் சத்தத்தையே கேட்டுட்டு இருந்துட்டேன். எங்க அக்கா பக்கத்துல இருந்து எல்லாத்தையும் கேட்டா. சொல்றேன்னா, வேணாம்னுட்டேன். நீங்க திரும்பச் சொன்னா நான் கேக்கறேன். மெஷின்கிட்ட நின்னே சொன்னாலும் சரி."

அவ்வளவுதான் அவனிடம் இருந்தது. மீதி நேரத்தில் என்ன பேசுவதென்று தெரியவில்லை. நிறுத்தவும் தோன்றவில்லை. அவன் மூச்சும், கீழே யாரோ சைக்கிளைப் பூட்டுகிற சத்தமும், கதவுக்குப் பின்னால் அக்கா தலையில் அடித்துக்கொண்டதும் அதில் போயின.

அடுத்த நாள் காலை முழுக்க ஒன்றும் வரவில்லை. ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்டை நிறுத்திப் போட்டுப் பராமரிப்பு வேலை. கூட வேலை பார்க்கிறவனும் பெட்டிக்குள்தான் இருந்தான். ஒல்லியாக, நீளமாக இருப்பதால் அவனுக்குக் கயிறு என்று பெயர்.

"பத்து தடவை போனை எடுத்துட்டே. அதுல என்ன முட்டையா அடைகாக்கறே?" என்றான் கயிறு.

"வேலையைப் பாரு."

"நான் பார்க்கறேன். நீதான் கதவு ரோலருக்குப் போடற எண்ணெயை உன் செருப்புக்குப் போட்டுட்டு இருக்கே."

மத்தியானம் போன் அதிர்ந்தது. மெக்கானிக் கயிறை மேலே மோட்டார் அறைக்கு அனுப்பி, பெட்டியை இரண்டு மாடிக்கு நடுவில் நிறுத்தச் சொன்னான். நின்றுபோன லிஃப்டைப் போல அமைதியான இடம் எந்தக் கட்டடத்திலும் கிடையாது. தரையில் உட்கார்ந்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"இன்னிக்கு லீவு, வீட்ல இருந்து பேசறேன். மெஷின் இல்லை" என்றாள். "எனக்குக் கல்யாணம் ஆகி முறிஞ்சுபோச்சு. அவர் வேற ஒருத்தரோட போயிட்டார். அது விஷயம் இல்லை. அவரோட அம்மா போகலை. என்கூடத்தான் இருக்காங்க. மகன் கூப்பிட்டும் போகலை. நானும் அனுப்பறதா இல்லை. நான் எங்க போனாலும் அவங்களும் வருவாங்க. அதுதான் விஷயம். நேத்து நீங்க முதலாவதுன்னு சொல்லியிருந்தா இன்னிக்கு ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பேன். அப்புறம் ஒரு நாள் உண்மை தெரிஞ்சு..."

பின்னால் ஒரு வயதான குரல் குறுக்கே வந்தது. "யார்கிட்டம்மா பேசறே?"

"ஒருத்தர்கிட்ட, அத்தை."

"லிஃப்ட்காரரா?"

"ஆமா."

"சாப்பிட்டாரான்னு கேளு."

"ஒரு நிமிஷம்தான் பேச முடியும், அதெல்லாம் கேக்க முடி..."

முடிந்தது.

மெக்கானிக் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முதலில் தோன்றியதை மறைப்பதற்கில்லை. இது வேண்டாத வம்பு என்றுதான் தோன்றியது. விட்டுப்போனவனின் அம்மா. நாளைக்கு அவன் தாயைப் பார்க்கிற சாக்கில் வாசலில் வந்து நிற்பான். அவனுக்கு நாற்காலி போட வேண்டுமா? அந்த அம்மா மகனுக்காக அழுதால் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்ல வேண்டுமா? அக்கா ஏன் வாயை மூடிக்கொண்டாள் என்று புரிந்தது. விரல், வேண்டாம் என்கிற பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் எல்லாத் தலைவலியும் தீர்ந்தது.

ஆனால் சாப்பிட்டாரா என்று கேட்டது அந்த அம்மாதான். பெற்ற மகன் உதறிவிட்டுப் போன பெண்ணுக்கு வந்த ஆளை, பொறாமையோ சங்கடமோ இல்லாமல், தெரிந்த பையனை விசாரிக்கிற மாதிரி விசாரிக்கிறாள். அத்தை என்று கூப்பிடுகிற குரலிலும் பழைய பழக்கம்தான் இருந்தது, கடமை இல்லை. இந்த இரண்டு பேரும் யாரும் கேட்காமலே ஒருத்தரை ஒருத்தர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் போய் ஒட்டிக்கொள்வதா, தள்ளி நிற்பதா என்பதுதான் கேள்வி. வாசலில் நாற்காலி போடுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போது அவனுக்குத் தெரிய வேண்டியது வேறு.

அழுத்தினான்.

"கேட்டேன். முழுசாக் கேட்டேன். பயமாத்தான் இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். அவங்ககிட்டச் சாப்பிட்டேன்னு சொல்லுங்க. ஒண்ணு கேக்கணும். அவங்களுக்கு முழங்கால் எப்படி? நான் இருக்கிறது மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது. சிரிக்காதீங்க. ஏற முடியும்னா ஒரு நாள் ரெண்டு பேரும் வந்து பார்த்துட்டுப் போங்க. முடியாதுன்னா நான் அங்க வர்றேன்."

தலைக்கு மேலே கரகர என்று சத்தம். பெட்டிக்குள் ஆபத்துக்குப் பேசுகிற மைக் மோட்டார் அறையோடு சேர்ந்தது என்பதை, தினமும் அதைச் சோதித்துப் பார்க்கிறவன் மறந்துபோயிருந்தான்.

"மூணு மாடி முழங்காலுக்கு ஆகாதுப்பா" என்றது கயிறின் குரல். "எங்க அம்மாவே ரெண்டாவதுல உட்கார்ந்துடும். படியில ஒரு ஸ்டூல் போட்டு வை."

அதுவும் சேர்ந்து போய்விட்டது. அழிக்க வழியில்லை. மெக்கானிக் அவனை என்ன திட்டினான் என்பது நல்லவேளையாக நிமிஷத்துக்கு வெளியே விழுந்தது.

மறுநாள் சாயங்காலம் அவள் குரல் வந்தபோது, அக்கா சமையலறையில் முதுகைக் காட்டி நின்று, கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த இன்னொருத்தர் யாருங்க? அவர் சொன்னதுல அத்தைக்குக் கோபம். ஸ்டூல் எல்லாம் வேணாமாம். முழங்கால் நல்லாத்தான் இருக்காம், மூணு மாடி ஏறுவாங்களாம். ஆனா படிக்குக் கைப்பிடி இருக்கா, அது ஆடாம இருக்கான்னு மட்டும் கேக்கச் சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை வரலாமான்னு நான் கேக்கறேன். அது அவங்க கேக்கலை, நானா கேக்கறது."

இன்னும் நேரம் மீதி இருந்தது. அவள் மூச்சு மட்டும் கேட்டது.

வருஷக்கணக்காக ஏறி இறங்கிய படியில் கைப்பிடி எப்படி இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. பதில் பேசுவதற்கு முன்னால் எழுந்து வெளியே போனான். தரைத்தளத்தில் இருந்து ஒவ்வொரு இடமாகப் பிடித்து ஆட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான். இரண்டாவது மாடித் திருப்பத்தில் கம்பி சுவரை விட்டுக் கழன்று கையோடு வந்தது. கருவிப் பையை எடுத்து வந்து, படியில் மண்டியிட்டு, திருகாணியை முறுக்க ஆரம்பித்தான்.

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தாள். பிறகு இரண்டு படி மேலே போய், கைப்பிடியைப் பிடித்து, தன் முழுப் பாரத்தையும் அதில் போட்டுச் சாய்ந்தாள்.

"இந்தப் பக்கமும் ஆடுதுடா" என்றாள். "இதையும் பாரு."