விபத்தில்லாத காலாண்டு

அந்தத் திட்டத்தை எழுதிய நாட்களில் கொரீன் டப்ரோவ்ஸ்கி நாலு பேருக்கு நல்லது செய்வதாகத்தான் நம்பினாள். ஹாப்பிள் பர்கர் கம்பெனியின் இண்டியானாபொலிஸ் தலைமை அலுவலகத்தில் சம்பளமும் சலுகைகளும் வகுக்கிற பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. கடைகளில் அடுப்பிலும் எண்ணெய்த் தொட்டியிலும் நிற்பவர்களில் முக்கால்வாசிப் பேர் பகுதிநேரக்காரர்கள். மருத்துவக் காப்பீடு கிடையாது, உடம்பு சரியில்லை என்று வீட்டில் இருந்தால் அன்றைய கூலியும் கிடையாது. அவர்களுக்கும் ஏதாவது கொடுக்கவேண்டும் என்று நிதிப் பிரிவோடு வெகுகாலம் மல்லுக்கு நின்றாள். சும்மா கொடுக்க முடியாது, எதற்காவது ஈடாகத்தான் தரமுடியும் என்றார்கள்.

அப்போதுதான் அது தோன்றியது. மூன்று மாதம் ஒரு கடையில் ஒரு காயமும் பதிவாகாவிட்டால் அங்கே வேலை செய்கிற அத்தனை பேருக்கும் தலைக்கு நானூறு டாலர் போனஸ். துணைத் தலைவர் கிரேசன் கூட்டத்திலேயே எழுந்துவந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதல் வருஷமே காயங்கள் பாதியாகக் குறைந்தன. ஒரு விருந்து வைத்து அவளுக்குக் கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள்.

அடுத்த வருஷக் கடைசியில், கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்னால், மன்சி ஊர்க் கடையில் உருளைக்கிழங்கு பொரித்துக்கொண்டிருந்த லமார் ஸ்டோக்ஸ் இறந்துபோனார். காலில் புண் வைத்து, அது புரையோடி, விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. ஏற்கனவே சர்க்கரை வியாதிக்காரர். கம்பெனி ஒரு மலர் வளையம் அனுப்பியது.

ஜனவரியில் அவர் மனைவி ஐவி தொழிலாளர் இழப்பீட்டு வாரியத்தில் மனுப் போட்டாள். கடையில் கொதிக்கிற எண்ணெய் அவர் ஷூவுக்குள் கொட்டிவிட்டது, அந்தப் புண்தான் ஆளைக் கொண்டுபோனது என்றாள். தீப்புண்தான் என்று ஆஸ்பத்திரியிலும் எழுதியிருந்தார்கள். ஆனால் எங்கே சுட்டது என்று யாருக்குத் தெரியும், வீட்டுச் சமையலறையில் சுட்டிருக்கலாம் என்றார்கள் கம்பெனி வக்கீல்கள். மன்சி கடை அந்தக் காலாண்டில் விபத்தில்லாத கடையாகத் தேறி, எல்லோரும் போனஸும் வாங்கியாயிற்று. அதைச் சொல்லி ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும் என்று கொரீனிடம் கேட்டார்கள்.

கையெழுத்துப் போடுமுன் அவள் மன்சிக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனாள். மேனேஜர் மரியாதையாகக் காப்பி கொடுத்தார். லமார் நல்ல மனிதர், அவருக்கு என்ன ஆயிற்று என்று தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். மற்றவர்கள் கண்ணை நிமிர்த்தாமல் வேலை பார்த்தார்கள். திரும்பிப் போகக் காரைத் திறந்தபோது, பின்வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த பெண் கூப்பிட்டாள். வாண்டா என்று சட்டையில் குத்தியிருந்தது. கார்களுக்குச் சாப்பாடு கொடுக்கிற ஜன்னலில் வருஷக்கணக்காக நிற்பவள்.

"அந்த போனஸ் போட்ட மேடம் நீங்கதானா?"

கொரீன் ஆமாம் என்றாள்.

"நல்ல போனஸுங்க. என் பொண்ணுக்குப் பல்லு சரி பண்ணேன் அதுல."

பிறகு அவளே சொன்னாள். நவம்பர் தொடக்கத்தில் எண்ணெயை வடிக்கும்போது குழாய் பிடுங்கிக்கொண்டது. லமாரின் இடது ஷூ நிறைய எண்ணெய். அவர் கத்தக்கூட இல்லை. பாதத்தில் உணர்ச்சி செத்து நாளாகியிருந்தது. 'என் காலு என்கூடப் பேச்ச நிறுத்தி ரெண்டு வருஷமாச்சு, இப்ப மட்டும் என்ன சொல்லிடப்போவுது' என்று அவர் சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். காலுறையைக் கழற்றியபோது தோலும் கூடவே வந்தது. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. மேனேஜரிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று லமார் எழுந்தார். காலாண்டு முடிய இன்னும் நாள் கிடந்தது. வரப்போகிற பணத்தை நம்பி ஆளாளுக்குக் கடன் அட்டையைத் தேய்த்து வைத்திருந்தார்கள்.

"யாரும் மிரட்டலைங்க. கெஞ்சினோம். நான்தான் மொதல்ல வாயத் தொறந்தேன். வருஷம் முடியற வரைக்கும் தாங்குவியா பெருசுன்னு கேட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"தாங்கறேன், ஒரு ஸ்டூல் மட்டும் போடுங்கன்னாரு."

ஸ்டூலைப் போட்டு அவரை வெங்காயம் நறுக்க உட்காரவைத்தார்கள். அவர் வேலையை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். வாண்டா மலிவுக் கடையில் களிம்பும் துணியும் வாங்கிவந்து தினமும் கட்டுப் போட்டாள். நாலாவது வாரம் வெங்காயத்தையும் மீறி நாற்றம் வந்தது. மேனேஜர் அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டார். அவர் போனஸும் அதில்தானே இருந்தது. ஒருநாள் லமார் வேலைக்கு வரவில்லை. எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு நினைவு தப்பியிருந்தது.

"எங்க எல்லாருக்கும் பணம் வந்துடுச்சு. அவரு பங்கு மட்டும் வரல. கடைசித் தேதியில வேலையில இருக்கணுமாமே."

அந்த விதியை எழுதியவள் கொரீன்தான். பாதியில் வேலையை விட்டு ஓடுகிறவர்களை மனதில் வைத்து எழுதியது.

விசாரணைக்கு வந்து இதைச் சொல்வாயா என்று வாண்டாவிடம் கேட்டாள். வாண்டா சிகரெட்டைத் தரையில் போட்டு மிதித்தாள்.

"சொன்னா எல்லார் போனஸையும் திருப்பிப் புடுங்குவீங்கல்ல?"

கொரீன் ஆமாம் என்றாள். அதையும் எழுதியவள் அவள்தான்.

அலுவலகத்துக்குத் திரும்பி, கடிதத்தில் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, கேள்விப்பட்டதை மறைக்காமல் சொன்னாள். அன்று மாலை கிரேசன் அவள் அறைக்கு வந்து எதிரே உட்கார்ந்தார். குரலை உயர்த்தவில்லை. கடிதத்தைப் பற்றிப் பேசவும் இல்லை.

"மிரெக் எப்படி இருக்காரு? இன்னும் வாரத்துல மூணு நாளா?"

மிரெக் அவள் கணவன். சிறுநீரகம் இரண்டும் போய், ரத்தச் சுத்திகரிப்பில் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை செலவும் அவளுடைய காப்பீட்டில். அப்படியேதான் இருக்கிறார் என்றாள். நம்ம காப்பீடு நல்ல காப்பீடு, நீதானே வகுத்தது என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். கொரீன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தாள். ஒரு வரிகூடப் பொய் இல்லை. காயம் எதுவும் பதிவாகவில்லை என்றுதான் இருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

ஏப்ரலில் விசாரணை நடந்தது. கொரீனை வரச்சொல்லவில்லை. அவளாக லீவு போட்டுவிட்டுப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். அவள் கடிதத்தைக் கம்பெனி வக்கீல் நிறுத்தி நிதானமாக வாசித்தார். ஐவி, கூந்தலை இறுக்கிப் பின்னிய ஒல்லியான பெண், மேஜையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்ததாக ஐவியின் வக்கீல் கூப்பிட, கதவைத் திறந்துகொண்டு வாண்டா வந்தாள். வேலைக்கு நடுவில் வந்திருக்கவேண்டும், கடைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. பின்வாசலில் சொன்னது அத்தனையும் சொன்னாள். தான் கெஞ்சியதையும் விடவில்லை. அதுவரை ஐவிக்கு அது தெரியாது. இந்த வாண்டாதான் சாவு வீட்டில் மூன்று நாள் கூட இருந்து பாத்திரம் கழுவிக் கொடுத்தவள். ஐவி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை நகர்த்தி முதுகைக் காட்டிக்கொண்டாள்.

தீர்ப்பு ஐவிக்குச் சாதகமாக வந்தது. வாராவாரம் உதவித்தொகை வரத் தொடங்கியது. அவள் வீட்டைக் காலிசெய்துவிட்டு ஃபோர்ட் வேன் என்கிற ஊரில் இருக்கிற தங்கையிடம் போய்விட்டாள். மன்சி கடைக்காரர்களின் போனஸைச் சம்பளத்தில் பிடித்தார்கள். இரண்டு மாதத்தில், தவறாகப் பயன்படுத்தப்பட்டது என்று காரணம் காட்டி, எல்லாக் கடைகளிலும் திட்டத்தையே எடுத்துவிட்டார்கள். மேனேஜர்களின் போனஸ் மட்டும் அப்படியே இருந்தது. காயம் பதிவானால் அதில் இன்னமும் வெட்டு விழுந்தது. அதையும் எடுங்கள் என்று கொரீன் இரண்டு முறை எழுதிக் கேட்டாள். பதில் வரவில்லை.

கோடையில் வாண்டாவைத் தேடிப் போனாள். கடையில் யாரும் அவளோடு பேசுவதில்லையாம், வேலை நேரத்தையும் குறைத்துக்கொண்டே வந்தார்களாம். கடைசியில் விட்டுவிட்டு ஒரு சலவைக் கூடத்தில் ஆஸ்பத்திரித் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கொரீன் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியபோதும் வாண்டா மடிப்பதை நிறுத்தவில்லை.

"நீங்க கையெழுத்துப் போட்டீங்க, நான் கெஞ்சினேன். மன்னிக்க வேண்டியவங்க ரெண்டு பேர். ஒருத்தர் செத்துட்டாரு. இன்னொருத்தி ஃபோன எடுக்கமாட்டேங்கறா. எடுக்கவும் கூடாது. எங்கிட்ட கேட்டு என்ன ஆகப்போவுது?"

மேற்பார்வையாளர் இந்தப் பக்கம் பார்க்கவே, வாண்டா அடுத்த விரிப்பின் இரண்டு முனைகளைக் கொரீனிடம் நீட்டி, சும்மா நிற்காமல் பிடிக்கச் சொன்னாள். கொரீன் பிடித்தாள். இருவரும் இழுத்து, உதறி, மடித்தார்கள். துணி வண்டி காலியானதும் வாண்டா அடுத்ததைத் தள்ளிக்கொண்டு வரப் போனாள். போய்வாருங்கள் என்று சொல்லக்கூடத் திரும்பவில்லை.