மிச்சம் பிடித்தவள்

மூத்தார் எண்ணெய் டப்பாவைக் கையில் எடுத்து ஒருமுறை குலுக்கினார். பிறகு மூடியைத் திறந்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு உள்ளே பார்த்தார்.

"கால் டப்பா இருக்கே," என்றார். "வருஷமே முடிஞ்சு போச்சு. இன்னும் கால் டப்பா!"

பாராட்டுகிறாரா, குற்றம் சாட்டுகிறாரா என்று குரலை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் சுவரோரம் நின்றிருந்த அவருடைய தம்பி மனைவி, இளையவளுக்குத் தெரியும். வரும் வருஷத்துத் தொகையிலிருந்து அந்தக் கால் டப்பா இப்போதே கழிந்துவிட்டது.

பேக்கரியின் வருஷக் கணக்கை முடித்த கையோடு மூத்தார் அவளுடைய அறைக்கு வருவது வழக்கம். ஒரே அறை. கடையின் பின்பக்கம், அடுப்புக்கு அந்தப் புறம். இருக்கிற ஒரே நாற்காலியில் அவர் உட்காருவார். கூடவே வரும் அவர் மனைவி, இளையவளின் ஓரகத்தி, வாசற்படியில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நிற்பாள். இளையவள் அடுத்த வருஷத்துக்கு என்னென்ன வேண்டுமென்று எழுதி வைத்த தாளை நீட்டுவாள். அவர் தாளைப் படிப்பதற்கு முன்னால் அலமாரியைப் படிப்பார்.

இளையவளின் கணவன் அந்த அடுப்பில் பன்னிரண்டு வருஷம் நின்றவன். அண்ணன் தம்பிக்குள் என்ன கூலி என்று சம்பளமே வாங்கவில்லை. "நம்ம கடை" என்பான். நெஞ்சுச் சளியோடு மூன்று மாதம் படுத்து அவன் போய்ச் சேர்ந்த பிறகுதான், கடை அண்ணன் பெயரில் மட்டும் இருப்பது அவளுக்குத் தெரிய வந்தது. கடையில் ஏதாவது வேலை கொடுங்கள் என்று கேட்டாள். "நம்ம வீட்டுப் பொம்பள நாலு ஆம்பளைங்க மத்தியில மாவு அள்ளிட்டு நிக்கறதா? நான் செத்தா போயிட்டேன்?" என்று மூத்தார் கண் கலங்கினார். சொந்தக்காரர்கள் அவருடைய பெரிய மனசைப் பேசிப் பேசி மாய்ந்தார்கள். வருஷத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை நிர்ணயித்தார். அதைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

முதல் வருஷம் அவள் ஒரு முட்டாள்தனம் செய்தாள். அடுத்தவர் பணத்தைத் தின்கிறோம் என்ற கூச்சத்தில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்து, வருஷக் கடைசியில் அதை ஒரு கவரில் போட்டு மூத்தாரிடம் கொடுத்தாள். அவர் அசந்துபோனார். "பொம்பளைன்னா இப்படி இருக்கணும்!" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அவளுக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த வருஷம் கவரில் இருந்ததைச் சல்லிக்காசு பிசகாமல் குறைத்துக் கொடுத்தார். "அதுலதான் ஓட்டிட்டியேம்மா!"

அதற்குப் பிறகு கவர் கொடுக்கவில்லை. ஆனால் கை சும்மா இருக்குமா? வீணாக்கத் தெரியாத கை. எதிலாவது துளி மிஞ்சிவிடும். மிஞ்சியது அலமாரியில் இருக்கும். அவர் கண்ணில் பட்டுவிடும்.

"இது என்ன புதுசா?" மூத்தார் தாளில் கடைசி வரியை விரலால் தட்டினார்.

"குட்டிக்குக் கண்ணாடி, அத்தான். பள்ளிக்கூடத்துல டாக்டர் வந்து பாத்தாராம். போர்டுல எழுதறது தெரியலைங்கறா."

"முன் பெஞ்சுல உக்காரச் சொல்லு."

"முன் பெஞ்சுலதான் உக்காந்திருக்கா."

"பத்து வயசுல கண்ணாடியப் போட்டா அப்புறம் ஆயுசுக்கும் கழட்ட முடியாது. நாளைக்கு இவள எவன் கட்டுவான்?" அவர் அந்த வரியை அடித்தார். மூலையில் உட்கார்ந்திருந்த அவள் மகள், பெரியப்பா என்ன செய்கிறார் என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

எழுந்திருக்கும்போது மூத்தார் இன்னொன்றும் சொன்னார். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் கடைப் பக்கம் வா. வேலைக்காரப் பயலுங்க சம்பளம் பத்தலைன்னு கொடி பிடிக்கறானுங்க. பொண்டாட்டிகளையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன். ஒரு வருஷத்த எப்படிச் சிக்கனமா ஓட்டறதுன்னு நீ நாலு வார்த்தை சொல்லு. உன்ன விட்டா யாரு சொல்றது?"

கண்ணாடி போன வருத்தத்துக்கு நடுவிலும் அவளுக்குள் பழைய பெருமை ஒன்று சற்றே தலைதூக்கியது. அதை நினைத்து அவள் பின்னால் பலமுறை கூசியிருக்கிறாள்.

மறுநாள் காலை தெருக் குழாயில் நல்ல கூட்டம். எப்போதும் அவளுக்கு வழிவிடும் மாவுக்காரரின் மனைவி அன்று தன் வாளியை நகர்த்தவே இல்லை. மாவுக்காரர் என்றால் கடையில் மாவு பிசைகிறவர். தோளிரண்டும் இறங்கிப்போன மனுஷன்.

"நீங்க எதுக்கு அவசரப்படறீங்க? ஒரு குடத்த வெச்சு ஒரு வாரம் ஓட்டிடுவீங்களே," என்றாள் அவள்.

இளையவளுக்குச் சட்டென்று புரியவில்லை. "என்ன சொல்றீங்க?"

"ஒன்னுமில்ல. நாலு வருஷமா எங்களுக்குச் சம்பளம் ஏறல. எங்க வீட்டுக்காரரு போய்க் கேக்கறப்பல்லாம் உங்க மூத்தாரு என்ன சொல்றாரு தெரியுமா? 'என் தம்பி பொண்டாட்டி இவ்வளவுல ரெண்டு உசுர வளத்து மிச்சமும் வெக்கிறா. உங்களுக்கு என்னடா கேடு?'ங்கறாரு. உங்கள வெச்சே எங்க வாய அடைக்கறாரு. கடையில உங்களுக்குப் பேரே சிக்கனம்மாதான். தெரியாதா?"

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. இளையவள் அதைக்கூடப் பார்க்கவில்லை.

அன்று மாலை ஓரகத்தியிடம் போய்க் கேட்டாள். ஓரகத்தி துணி மடித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"அவங்களுக்கு மட்டுமா? எனக்கும் நீதான் அளவு. ஒரு சோப்பு கூட வாங்கினா, 'அவ மாசத்துக்கு ஒன்னுல ஓட்டறா, நீ என்ன மகாராணியா?'ம்பாரு. கையில கல்லாப்பெட்டி சாவி வெச்சிருக்கற மனுஷன் பொண்டாட்டி நானு. ஒரு தலைவலி மாத்திரைக்குத் தொங்கணும்." மடித்த துணியை மறுபடி உதறினாள். "உன்னத் திட்டாத நாளில்ல. சத்தியமா. நீ நல்லவதான். ஆனா உன் நல்லதனம் என் கழுத்தைப் பிடிக்குதே, நான் என்ன பண்ண?"

இளையவள் அறைக்குத் திரும்பினாள். தான் யாருக்கும் பாரமில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

ஞாயிறு மத்தியானம் கடையின் பாதிக் கதவைச் சாத்திவிட்டார்கள். ட்ரேக்களைச் சுவரோரம் அடுக்கி இடம் ஒதுக்கியிருந்தார்கள். வேலையாட்கள் ஏழெட்டுப் பேரும் அவர்கள் மனைவிமாரும் நின்றார்கள். மூத்தார் மாவு மூட்டை மேல் சாய்ந்து உட்கார்ந்து, "சொல்லும்மா. பயப்படாம சொல்லு," என்றார்.

இளையவளுக்கு நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. வீட்டில் பேசுவதுபோலவே ஆரம்பித்தாள்.

"வெந்நீருக்கு நான் அடுப்பு மூட்டறதில்ல. எங்க ரூமுச் சுவருக்கு அந்தப் பக்கம் கடை அடுப்பு. குடத்த ராத்திரி சுவத்தோட ஒட்டி வெச்சா காலையில வெதுவெதுன்னு இருக்கும். செலவில்ல."

இரண்டொரு பெண்கள் தலையாட்டினார்கள். மூத்தார் புன்னகைத்தார்.

"சோப்பு கரைஞ்சு சில்லாப் போனா, தூக்கிப் போடாம சேத்து வெச்சு ஒன்னா அமுக்கிடுவேன். துணிக்கு அது போதும். உள்பாவாடைக்கு மாவு மூட்டைச் சாக்கு. நல்ல கெட்டித் துணி, சீக்கிரம் கிழியாது. மேல அடிச்சிருக்கற எழுத்துதான் எத்தன துவைச்சாலும் போகாது. பொண்ணு பள்ளிக்கூடத்துல விழுந்தப்போ பின்னால 'ஐம்பது கிலோ'ன்னு தெரிஞ்சு எல்லாரும் சிரிச்சிருக்காங்க. அதுலருந்து அவ விளையாட்டுக்குப் போறதில்ல. போகாததனால செருப்பும் தேயறதில்ல. அதுவும் மிச்சம்தான்."

யாரும் தலையாட்டவில்லை.

"ரொட்டி விக்காம நின்னுபோனது கடையிலருந்து வரும். தண்ணியில நனைச்சுச் சாப்பிடுவோம். பொண்ணு இருக்கறப்போ நானும் கூட உக்காருவேன். வெறும் வாய மென்னுகிட்டே இருப்பேன், அவளுக்கு வித்தியாசம் தெரியாது. பல்லு வலி வந்துச்சு. அடைக்க ஒரு ரேட்டு, பிடுங்க ஒரு ரேட்டு. பிடுங்கறது கம்மி. இந்தப் பக்கம் நாலு பல்லு பிடுங்கிட்டேன். இப்ப மெல்ல முடியாது. அதனால சாப்பாட்டுச் செலவும் குறைஞ்சிருக்கு."

"போதும்மா," என்றார் மாவுக்காரர். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் போதும்? சொல்லட்டும்!" என்றார் மூத்தார். அவருக்கு இன்னும் விளங்கவில்லை. ஒவ்வொன்றையும் அவர் சிக்கனத்துக்கான வழியாகவே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏழு மணிக்கு விளக்க அணைச்சிருவேன். பொண்ணு குடோன் படிக்கட்டு பல்புக்குக் கீழ உக்காந்து படிக்கும். மங்கல் வெளிச்சம். கண்ணு போயிட்டுது." அவள் குரல் முதன்முறையாகத் தடுமாறியது. "இப்ப கண்ணாடிக்குப் பணமில்ல. விளக்குல மிச்சம் பிடிச்ச பணம் எங்கன்னு கேப்பீங்க. அது அடுத்த வருஷத் தொகையில கழிஞ்சு போச்சு."

அவள் பெண்கள் பக்கம் திரும்பினாள்.

"இப்படித்தான் வருஷத்த ஓட்டினேன். கெட்டிக்காரின்னு என்னையே நினைச்சுக்கிட்டேன். தயவு பண்ணி நீங்க யாரும் இப்படி இருக்காதீங்க. ஒரு தடவ இவ்வளவுல ஓட்டிக் காமிச்சிட்டா, அப்புறம் அதுதான் உங்க அளவுன்னு ஆக்கிடுவாங்க. உங்க அளவு மட்டுமில்ல, பக்கத்து வீட்டுக்காரங்க அளவும் அதுதான்."

மூத்தார் எழுந்துவிட்டார். மூட்டையிலிருந்து மாவு அவர் முதுகெல்லாம் அப்பியிருந்தது. "என்ன பேசறே நீ? உன்ன எதுக்குக் கூப்பிட்டேன், நீ என்ன பேசறே?"

"எனக்கு இனிமே அந்த வருஷத் தொகை வேணாம், அத்தான். இந்தக் கடையில ஒரு வேலை குடுங்க. இவங்களுக்குக் குடுக்கற கூலியக் குடுங்க."

"நம்ம குடும்பத்துப் பொம்பள கூலிக்கு நிக்கறதா?"

"வருஷா வருஷம் தாளை நீட்டிக்கிட்டு நின்னேனே, அதுக்கு என்ன பேரு?"

வேலையாட்கள் முன்னால் மூத்தாரை இதுவரை யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. அவர் முகம் கருத்துப்போயிற்று. "மாசக் கடைசிக்குள்ள ரூமக் காலி பண்ணிடு," என்றார்.

அன்று அங்கே பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. ஆட்கள் கலைந்து போனார்கள். யார் சம்பளமும் ஏறவில்லை. மாவுக்காரர் மட்டும் இரண்டு வாரம் கழித்து வேறு கடைக்குப் போய்விட்டார். அங்கேயும் ஏறக்குறைய அதே கூலிதான். "வேலை அதேதான். ஆனா அந்த முதலாளி உங்க பேரச் சொல்லி ஏசமாட்டான்," என்று குழாயடியில் அவர் மனைவி சொன்னாள். அன்று தன் வாளியை நகர்த்தி வழிவிட்டாள்.

இளையவளுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிச் சமையலறையில் கூலி வேலை கிடைத்தது. காலை ஐந்து மணிக்குப் போய் மூட்டை மூட்டையாகக் காய் நறுக்க வேண்டும். பிற்பகலில் அண்டா தேய்க்க வேண்டும். ஆறே மாதத்தில் விரலிடுக்கெல்லாம் வெடித்துப் புண்ணாயிற்று. ஊரின் மறுகோடியில், தகரக் கூரை போட்ட பாதி அறை ஒன்றுக்கு வாடகை கொடுத்தாள். மறுபாதியில் ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தி. நடுவில் ஒரு பழைய போர்வை. சம்பளம் வாரா வாரம் கைக்கு வந்தது. வருஷக் கடைசியில் அலமாரியைத் திறந்து பார்க்க யாரும் வரப்போவதில்லை என்பதால், மிஞ்சியதை ஒளிக்கவோ கணக்குச் சொல்லவோ வேண்டியிருக்கவில்லை. மிஞ்சுவதும் பெரிதாக இல்லை. மூன்றாம் மாதம் மகளுக்குக் கண்ணாடி வாங்கினாள். சொந்தக்காரர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மூத்தார் மனசு நொந்து மெலிந்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள்.

வருஷம் திரும்பிய பிறகு ஒரு மத்தியானம் ஓரகத்தி வந்தாள். யாரிடமும் சொல்லாமல், பஸ்ஸுக்குக் காசில்லாமல் நடந்தே வந்திருந்தாள். போர்வைத் தடுப்பையும் தகரக் கூரையையும் பார்த்தாள். இளையவளின் விரல்களைப் பார்த்தாள்.

"உக்காருங்கக்கா. வீட்டுல எல்லாரும் எப்படி?"

"என்னத்த சொல்ல." ஓரகத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கணக்கு முடிச்சாச்சு. இந்த வருஷம் எனக்கு இன்னும் குறைச்சிட்டாரு."

"ஏன்? என்னோட அளவுதான் இப்ப இல்லையே."

"ஏன் இல்ல? இப்பவும் உன் பேருதான். 'ஆஸ்பத்திரிக் கூலியில ஒத்தப் பொம்பள வாடகையும் குடுத்து, பொண்ணப் படிக்கவும் வெச்சு, கண்ணாடியும் வாங்கிப் போட்டுட்டா. யார் தயவும் இல்லாம. உங்களுக்கெல்லாம் என்ன?'ன்னு வர்றவன் போறவன்கிட்டல்லாம் சொல்லிக்கிட்டிருக்காரு. கடையில புதுசா சேந்தவங்ககிட்டயும் அதேதான்."

இளையவள் எழுந்து ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். தண்ணீர் ஒரு சொட்டுக்கூடச் சேர்க்காமல், இருந்த பாலை அப்படியே கொதிக்கவிட்டு டீத்தூள் போட்டாள். சர்க்கரையை அளக்காமல் கையால் அள்ளிப் போட்டாள். ஓரகத்தி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடிங்கக்கா. குடிச்சிட்டுப் போய், நான் எப்படிச் செலவு பண்றேன்னு அவர்கிட்ட ஒன்னு விடாம சொல்லுங்க."

ஓரகத்தி ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். "சொன்னா என்ன சொல்லுவாரு தெரியுமா? 'இன்னிக்கி டீய அங்கேயே குடிச்சிட்ட. அப்ப நாளைக்கு டீத்தூள் எதுக்கு?'ம்பாரு."

இரண்டு பேருக்கும் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. மறுபாதியில் படுத்திருந்த ஆயா, "என்னடி அங்க?" என்று அதட்டினாள். சிரிப்பை முதலில் நிறுத்தியது ஓரகத்திதான். கடை சாத்துவதற்குள் அவள் வீட்டில் இருக்க வேண்டும். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நடந்து போக ஒரு மணி நேரமாவது ஆகும்.

அவள் எழுந்திருக்கவில்லை. காலி கிளாஸை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து," என்றாள்.