பன்னிரண்டு லாட், ஒரே மூன்று

தோலில் குரோமியம் ஆறு என்ற நச்சு தங்கிவிடக் கூடாது. ஆம்பூர் தொழிற்சாலையில் தோல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி அதில் கறார். ஆறு மாதத்தில் போன அறுபத்து மூன்று லாட், அதாவது சரக்குத் தொகுதிகளின் பரிசோதனை முடிவுகளும் ஒரே பட்டியலாக வேண்டும் என்று கேட்டிருந்தது. பரிசோதனைக் கூடமோ லாட்டுக்கு ஒரு பக்கமாக இணையத்தில் போட்டு வைத்திருந்தது.

கையால் எடுத்தால் மூன்று நாளாகும். டெஸ்டிங் அறையில் வேலை பார்க்கும் ஹெப்சி, வேலூரில் சனிக்கிழமை வகுப்பில் கற்ற பைத்தான் கணினி மொழியில் சின்னதாக ஒரு நிரல் எழுதினாள். அது ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, அட்டவணையில் குரோமியம் என்ற வரியைத் தேடி, மூன்றாவது கட்டத்தில் இருக்கும் முடிவை எடுத்துத் தரும். முதல் மூன்று பக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்தாள், சரியாக இருந்தது. மிச்சத்தை ஓட விட்டாள். ஐந்து நிமிடத்தில் பட்டியல் வந்துவிட்டது.

அதில் பன்னிரண்டு லாட்டுக்கு எதிரே மூன்று என்று இருந்தது.

மேனேஜர் காஷிஃப் பட்டியலைப் பார்த்ததும் முகம் வெளுத்தார். "மூணுக்குக் கீழ இருக்கணும் ஹெப்சி. மூணைத் தொட்டாலே தள்ளிடுவான். சரக்கு வேற அங்க போய் எறங்கிடிச்சி." லாட் நம்பர்களை விரலால் ஓட்டிப் பார்த்தார். "எல்லாமே நாலாவது டிரம்ல பதப்படுத்தினது. அதை ஓட்டுற பச்சையப்பனைக் கூப்பிடு."

பச்சையப்பன் கைகளில் கறுப்புச் சாயத்தோடு வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டதும் இரண்டு கையையும் விரித்தார். "சீட்டுல எழுதின அளவுக்கு மேல ஒரு கிராம் மருந்து போட்டதில்ல சார். இருபத்திரண்டு வருஷமா இதே டிரம்தான்."

"கம்ப்யூட்டர் அப்டிதான் சொல்லுது. நீங்க இப்பத்திக்கு டிரம்மைத் தொடாதீங்க," என்றார் காஷிஃப்.

பச்சையப்பன் ஹெப்சியைப் பார்த்தார். "இன்னா மேடம், நெசமா அப்டிதான் இருக்குதா?"

அவள் பட்டியலை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே போனார்.

காஷிஃப் கம்பெனிக்கு மெயில் அடிக்க உட்கார்ந்தார். ஹெப்சி பட்டியலையே வெறித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டும் மூன்று. இரண்டரை இல்லை, மூன்றரை இல்லை. ஒரே தோலை இரண்டாக வெட்டிச் சோதித்தாலே முடிவு கொஞ்சம் முன்னே பின்னே வரும். பன்னிரண்டு லாட்டில் எப்படி ஒரே எண் வரும்?

"சார், அனுப்பிடாதீங்க! அரை மணி நேரம் குடுங்க!"

அந்தப் பன்னிரண்டில் ஒன்றைத் தானே திறந்து பார்த்தாள். நாலாவது டிரம்மில் வரும் கறுப்புத் தோலுக்கு மட்டும் குரோமியத்தை இரண்டு முறை சோதித்திருந்தார்கள். அப்படியே ஒரு முறை, அடுப்பில் சூடாக்கி ஒரு முறை. இரண்டு வரிக்கும் சோதனை முறை ஒன்றே என்பதால், அந்தக் கட்டத்தை இரண்டு வரிக்கும் பொதுவாக இணைத்திருந்தார்கள். அதனால் இரண்டாவது வரியில் ஒரு கட்டம் குறைந்தது. அவளுடைய நிரல் கடைசியாகக் கண்ட அந்தக் குரோமியம் வரியில் வழக்கம்போல மூன்றாவது கட்டத்தை எடுத்தது. அங்கே இருந்தது முடிவு அல்ல, அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு. அதுதான் அந்த மூன்று. உண்மையான முடிவு அதற்கு முந்தைய கட்டத்தில் இருந்தது: 'கண்டறியப்படவில்லை'.

இணைந்த கட்டத்தை இரண்டு வரிக்கும் எண்ணும்படி நிரலைத் திருத்தி மறுபடி ஓட விட்டாள். இந்த முறை நிரலை மட்டும் நம்பவில்லை. பன்னிரண்டு பக்கத்தையும் கண்ணால் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். ஒன்றில்கூட குரோமியம் ஆறு இல்லை. நெஞ்சில் கிடந்த பாரம் சட்டென்று இறங்கியது. கூடவே கண்ணும் கலங்கியது.

"சார், தோல்ல ஒண்ணும் இல்ல. நான்தான் தப்பான கட்டத்த எடுத்திருக்கேன்."

காஷிஃப் பக்கங்களைத் தானும் ஒரு முறை பார்த்தார். அடித்து வைத்த மெயிலை அழித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "யா அல்லா! ஒரு நிமிஷம் லேட்டாகியிருந்தா அவ்ளோதான்." பிறகு எழுந்தார். "வா, நானும் வர்றேன். டிரம்மைத் தொடாதீங்கன்னு அவர்கிட்ட சொன்னது நான்தானே."

பச்சையப்பன் கொட்டகை ஓரமாக, திறக்காத சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, தப்பு என்னோடது. உங்க தோல் சுத்தமா இருக்கு. மன்னிச்சிடுங்க," என்றாள் ஹெப்சி.

"நானும் விசாரிக்காம பேசிட்டேன்," என்றார் காஷிஃப்.

பச்சையப்பன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நீளமாக மூச்சு விட்டார். "உசுரே திரும்பி வந்திச்சி மேடம். வீட்ல போய் இன்னா சொல்றதுன்னு ரோசிச்சிக்கினே இருந்தேன்." டப்பாவைத் திறந்தவர், முதல் கவளத்துக்கு முன் நிமிர்ந்தார். "நீங்க சாப்ட்டீங்களா?"

மணி இரண்டரை ஆகியிருந்தது. காலையிலிருந்து எதுவுமே சாப்பிடவில்லை என்பது ஹெப்சிக்கு அப்போதுதான் உறைத்தது.