பதினெட்டு மதிப்பெண்

1

ஒரு சட்டைக் காலரால் வந்த கதை இது. நைந்த காலரைப் பிரித்துத் திருப்பித் தைக்கக் கொடுத்திருந்தேன். தையல்கார அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "கதையெல்லாம் எழுதுவீங்களாமே? எங்கக்காவைப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்களேன்" என்றார்.

அக்கா வக்கீல். போன வருடம் காலமானவர். தான் படித்த சட்டக் கல்லூரியில் சேமிப்பு முழுவதையும் வைப்புநிதியாகப் போட்டு, ஆண்டுதோறும் ஒரு மாணவிக்கு உதவித்தொகை கொடுக்கும்படி உயில் எழுதியிருந்தார். ஒரே நிபந்தனை: அவள் ஒரு தாளிலாவது தோற்றிருக்க வேண்டும். கல்லூரியின் விழா மலருக்குத்தான் அந்த ஒரு பக்கம்.

2

'சிறு வயது முதலே நீதியின்பால் தணியாத

(விடுங்கள். எனக்கே கொட்டாவி வருகிறது.)

'தோல்வி என்றால் என்னவென்றே அறியாத அவர்

வாசித்துக் காட்டியதும் தையல் இயந்திரம் நின்றது. "அதை அடிச்சிடுங்க."

"ஏன்மா?"

"அடிங்கன்னா அடிங்க."

(இவரைக் கதைக்காக ஆசிரியையாக மாற்றிப் பார்த்தேன். உடனே அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிட்டார். பழையபடி தையல் இயந்திரத்தின் முன்னாலேயே உட்கார வைத்துவிட்டேன்.)

3

அந்த நேரத்தில்தான் உதவித்தொகைக்குத் தேர்வான பெண், கடிதமும் கையுமாக வந்து நின்றாள்.

"வேண்டாம்னு சொல்ல வந்தேன்மா. இதை வாங்கினா நான் ஃபெயிலானது வீட்டுக்குத் தெரிஞ்சிடும். அப்பா எல்லார்கிட்டயும் பெருமையடிச்சு வெச்சிருக்கார்."

வாங்காவிட்டால் கடைசி வருடக் கட்டணத்துக்கு வழியில்லை. படிப்பு அதோடு சரி.

தையல்கார அம்மா கை ஊசியை எடுத்தார். அதில் நூல் கோக்கப் பார்த்தார், முடியவில்லை.

"எங்கக்கா ஒப்பந்தச் சட்டத்துல ரெண்டு தடவை தோத்தா. மூச்சு விடக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினா. முப்பது வருஷமாச்சு."

"எத்தனை மார்க்?"

"முதல் தடவை பதினெட்டு."

"எனக்கு இருபத்தொம்பது!"

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். "அப்பாகிட்ட நானே சொல்லிடறேன். குடுக்கறவங்களே அப்படித்தான்னு சொல்றேன்." கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

"அப்பாடா" என்று நாற்காலியில் சாய்ந்தார் தையல்கார அம்மா. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

4

"அவ தோத்ததை மலர்லயும் போடலாமா? அக்கா கோவிச்சுப்பாளா?"

காரணமில்லாமல் ஒரு சொல்லும் எழுதாத வக்கீல், அந்த நிபந்தனையை மட்டும் ஏன்

(இதை நான் முடிக்கப்போவதில்லை.)

பக்கத்தின் நடுவில் ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். நாளை அச்சுக்குப் போகிறது. என் சட்டை இன்னும் அந்த அம்மாவிடம் இருப்பதால் எனக்குத் துணிச்சல் போதாது. நீங்கள் எழுதுங்கள். மதிப்பெண் வரை உங்களுக்குத் தெரியும், யாருக்கும் நீங்கள் சத்தியம் செய்து கொடுக்கவுமில்லை.