சில்லரில் வைத்த செவ்வந்தி

கிள்ளானில் பூக்கடை வைத்திருப்பவனுக்குத் தொண்டைதான் முக்கியம். பூவெல்லாம் அதற்குப் பிறகு. தெங்கு கிளானா சாலையில் எங்கள் வரிசைக் கடைகள் எல்லாவற்றுக்கும் ஒரே லோரியில்தான் கேமரன் மலையிலிருந்து பூ வந்து இறங்குகிறது. என் செவ்வந்திக்கும் பக்கத்துக் கடைச் செவ்வந்திக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. ஆனால் நான் "வாங்கக்கா வாங்க! பாத்துட்டுப் போங்க, பாக்கறதுக்குக் காசு இல்ல!" என்று ஒரு குரல் கொடுத்தால், எதிர்ச்சாரியில் சேலை பார்த்துக்கொண்டிருக்கும் அக்காகூடத் திரும்பிவிடுவார். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

இப்படிப்பட்ட பூக்கடை பாலனாகிய எனக்குப் பிறந்த பிள்ளை வாயைத் திறக்காது. தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். கல்விக்கும் பேச்சுக்கும் உரிய சாமியின் பெயராகத் தேடி வாணி என்று வைத்தோம். சாமி கல்வியைக் கொடுத்துவிட்டு மற்றதை மறந்துவிட்டது. கடைக்கு வந்தால் பூ வாளிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். "பேரு என்னம்மா?" என்று யாராவது கேட்டால் என் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். எனக்கு இது பெரிய கவலை. என் மனைவி சந்திரகலாவுக்கு இல்லை.

"நீங்க மட்டும் ஸ்கூல்ல என்ன பேசிக் கிழிச்சீங்க?" என்பாள்.

அதுவும் உண்மைதான். பள்ளிக்கூடத்தில் படித்த காலம் முழுக்க நான் ஒருநாள்கூடக் கை தூக்கியதில்லை. கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டுக்கூடத் தூக்கியதில்லை. என் சத்தமெல்லாம் கடைக்கு வந்த பிறகு வந்த சத்தம்.

அதனால்தான் அந்தத் திங்கட்கிழமை வாணி வந்து சொன்னதை என்னால் நம்ப முடியவில்லை. சனிக்கிழமை பள்ளியில் அறிவியல் விழாவாம். நான்காம் ஆண்டுக்கு ஐந்தே மேசைகளாம். யார் யார் செய்கிறீர்கள் என்று லோகேஸ்வரி டீச்சர் கேட்டபோது இவள் கை தூக்கியிருக்கிறாள்.

"நீயா தூக்கின?"

"ஆமாப்பா."

"எந்தக் கை?"

ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் யோசித்து, வலது கையைக் காட்டினாள். அந்தக் கையைப் பிடித்து ஒரு முத்தம் கொடுத்தேன்.

வெள்ளைப் பூவின் தண்டைக் கலர் தண்ணீரில் நிறுத்தினால் பூவுக்கு நிறம் ஏறும், அதைச் செய்துகாட்டப் போகிறேன் என்றாள். "எங்க அப்பா பூக்கடை வச்சிருக்காருன்னு கிளாஸ்ல சொன்னேன்" என்றாள். என் பிள்ளை ஒரு வகுப்பு முழுக்கக் கேட்கும்படி என்னைப் பற்றிப் பேசியிருக்கிறாள்! அப்போது நான் கடையில் இருந்த அத்தனை பூவையும் வெட்டிக் கொடுத்திருப்பேன். ஆனால் மாலை கட்டுகிற செவ்வந்திக்குத் தண்டு கிடையாதே. தலையை மட்டும்தான் கிள்ளி மூட்டையில் அனுப்புவார்கள். உடனே லோரி ஓட்டும் லோகனைக் கூப்பிட்டு, நீளத் தண்டோடு வெள்ளைச் செவ்வந்தி வேண்டும் என்று சொன்னேன். செவ்வாய்க்கிழமை விடியற்காலையே ஒரு கட்டு கொண்டுவந்துவிட்டான்.

சோதனையைக் கடையில்தான் வைத்தோம். வீட்டில் ஒரு பூனை இருக்கிறது, அது எதையும் நிற்க விடாது. வாணி பள்ளி வேனில் ஒன்றரை மணிக்கு வந்து இறங்குவாள். பாலர் பள்ளியில் வேலை முடித்துச் சந்திரகலா இரண்டு மணிக்குக் காரில் வந்து, மேருவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவளைக் கூட்டிப் போய்விடுவாள். அந்த அரை மணி நேரத்தில் பிள்ளை எல்லாவற்றையும் முடித்தாள். தீபாவளிக்குக் கோல அரிசியில் கலந்து மிச்சமிருந்த நீலக் கலரையும் சிவப்புக் கலரையும் ஆறு பாட்டில் தண்ணீரில் கரைத்தாள். தண்டுகளைச் சாய்வாக வெட்டி ஒவ்வொன்றாக நிறுத்தினாள். நோட்டில் நேரம் எழுதினாள்.

"ராத்திரிக்குள்ள நெறம் வந்துரும்னு டீச்சர் சொன்னாங்க. தொடாதீங்கப்பா."

"நான் ஏன் தொடப்போறேன்?" என்றேன்.

தொட்டேன். அவள் கார் திரும்பியதும் பாட்டில்களைத் தூக்கிச் சில்லரில் வைத்தேன். சில்லர் என்றால் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய குளிர்ப்பெட்டி. பூக்கடைக்காரனுக்குக் கடையில் பாதி உயிர் அதில்தான். கிள்ளான் வெயிலில் ஒரு பூ வெளியே நிற்பதைப் பார்த்தால் எங்களுக்குக் கை சும்மா இருக்காது. இருபது வருடப் பழக்கம். மறுநாள் வேன் முனையில் திரும்பும்போதே பாட்டில்களை எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன், பிள்ளை வந்து தேடக்கூடாதே என்று. இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. கை கழுவியதை யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா?

புதன்கிழமை வந்து பார்த்தாள். ஆறு பூவும் வெள்ளை வெளேரென்று இருந்தன. என் கண்ணுக்கு அவை அருமையாக இருந்தன. அப்போதுதான் பறித்த மாதிரி இருந்தன. அவள் முகம்தான் வாடிவிட்டது.

கலர் பத்தவில்லை என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். தண்டை மறுபடி வெட்டினாள். பிறகு, லோகேஸ்வரி டீச்சர் சொன்னதைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் நிறம் மாறிய பூவைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். இல்லையென்றால் அந்த மேசையைக் கிஷனுக்குக் கொடுத்துவிடுவார்கள். கிஷன் எரிமலை செய்கிறான். அவன் எரிமலைக்கு ஒரு மேசை போதவில்லையாம்.

"கிஷன் பாவம்ப்பா, அவனுது நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்பா, நம்ம பூ செத்த பூவா?"

இருபது வருடத்தில் எந்த வாடிக்கையாளரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. என் பிள்ளை கேட்டுவிட்டாள். கார் போனதும் பாட்டில்களை மறுபடி சில்லரில் ஏற்றிவிட்டு, போனை எடுத்து லோகனைப் பிடித்து உலுக்கிவிட்டேன்.

"என்னடா பூ கொண்டு வந்த? தண்ணி குடிக்கக்கூடத் தெரியாத பூ!"

"அண்ணே, எனக்குத் தெரிஞ்சது லோரி ஓட்டறது. பூ தண்ணி குடிக்குதா, தே தாரே டீ குடிக்குதான்னு நான் எப்படிண்ணே பாக்க முடியும்?"

"புதுப் பூ கொண்டு வா. இல்லன்னா என் கடைப் பக்கம் வந்துராத!"

பாவம், வியாழன் விடியற்காலை புதுக் கட்டு ஒன்று கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டான். பழையதை எடுத்துப் போட்டுவிட்டு, வாணி செய்த மாதிரியே சாய்வாக வெட்டி ஆறு பாட்டிலிலும் நானே நிறுத்தினேன். ஏழு மணி இருக்கும்.

வழக்கம்போல் தூக்கிக்கொண்டு சில்லரைத் திறந்தேன். ஒரு விரல் நுழைய இடமில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை, கோவில்களுக்குப் போக வேண்டிய பூ மொத்தமும் உள்ளே. போதாததற்கு மூன்று கல்யாண மாலைகளுக்கான ரோஜா வேறு. இருக்கிற தட்டையெல்லாம் மாற்றிப் பார்த்தேன், முடியவில்லை. மனசே இல்லாமல் பாட்டில்களைக் கடை வாசல் பலகையில் வைத்தேன். பூ வெந்துவிடக் கூடாதே என்று ஸ்டாண்டு ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டேன். அப்புறம் வியாபாரம் பிடித்துக்கொண்டது. திரும்பிப் பார்க்க நேரமில்லை.

ஒன்றரை மணிக்கு வேன் வந்தது. வாணி இறங்கினாள். அடுத்தது, நான் அதுவரை கேட்டிராத ஒரு சத்தம்.

"அப்பாஆஆ!"

யாரோ மோட்டாரில் வந்து இடித்துவிட்டார்கள் என்று நினைத்து, கையிலிருந்த ரோஜாவைப் போட்டுவிட்டு ஓடினேன். பிள்ளை வாசலில் குதித்துக்கொண்டிருந்தாள். மூன்று பூவில் இதழ் ஓரமெல்லாம் நீலம். மூன்றில் இளஞ்சிவப்பு. ஒவ்வொரு இதழிலும் மெல்லிய கோடு கோடாக, யாரோ ஊசியால் வரைந்த மாதிரி நிறம் ஏறியிருந்தது. பக்கத்துக் கடை ராதாகிருஷ்ணன் தன் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து பார்த்தார். பூ வாங்க வந்த சீன ஆன்டி ஒருவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். நானும் பத்துப் படம் எடுத்து டீச்சருக்கு அனுப்பினேன். ஒன்று போதும்தான்.

"பாத்தியா! நம்ம பூ செத்த பூவா? சொல்லு!" என்றேன்.

அவள் அதற்குள் நோட்டைத் திறந்துவிட்டாள். "அப்பா, இன்னிக்கு மட்டும் என்ன வேற மாதிரி செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலையே. நீ வெட்டின மாதிரிதான் வெட்டினேன். சில்லர்ல எடம் இல்ல, அதான் வெளிய விட்டுட்டேன்."

பென்சில் நின்றது. "அப்ப மத்த நாளு?"

"மத்த நாளு சில்லர்லதான்…"

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. சில்லரில் பூ ஏன் வாடாமல் இருக்கிறது? குளிரில் அதற்கு ஒரு வேலையும் இல்லாததால்தானே? தண்ணீரும் இழுக்காது, நிறமும் இழுக்காது. இதை வைத்துத்தான் இருபது வருடம் பிழைக்கிறேன். என் பிள்ளைக்கு ஒரு மேசை கிடைத்ததையும் என் கையாலேயே கெடுக்கப் பார்த்திருக்கிறேன். அவள் அழப்போகிறாள் என்று நினைத்து நின்றேன். லோகனைத் திட்டியதும் ஞாபகம் வந்தது.

வாணி அழவில்லை. நோட்டில் எதையோ எழுதினாள். பிறகு சிரித்தாள்.

"நாளைக்கு ரெண்டு பூவ மட்டும் சில்லர்லயே வைங்கப்பா. மறக்காம வைங்க."

"என்னைக் கேலி பண்றியா?"

"இல்லப்பா. வேணும்."

எதற்கென்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கிற நிலைமையில் இல்லை. வெள்ளிக்கிழமை அதே கட்டில் மிச்சமிருந்த வெள்ளைப் பூவைக் கலர் தண்ணீரில் நிறுத்தி, நான்கை ஃபேனுக்கு முன்னாலும் இரண்டைச் சில்லரிலும் வைத்தேன். அன்று லோகனுக்கு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்து உண்மையைச் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் ரொட்டி புரையேறிவிட்டது. மதியத்துக்குள் கதை எங்கள் வரிசைக் கடைகள் முழுக்கப் பரவியிருந்தது.

சனிக்கிழமை பள்ளி மண்டபத்தில் நெரிசலான கூட்டம். வாணியின் மேசை சுவரோரம் கடைசியில். அதற்கு முந்தியதுதான் கிஷனின் எரிமலை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சிவப்பு நுரை பொங்குகிறது, பிள்ளைகள் கத்துகிறார்கள், மண்டபமே அங்கே போய் நிற்கிறது. முதல் பரிசு அவனுக்குத்தான் போனது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், நீங்கள் வீணாக எதிர்பார்க்க வேண்டாம். பையன் நன்றாகத்தான் செய்திருந்தான்.

என் பிள்ளை தன் ஆறு பூவுக்குப் பின்னால் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாரும் வரவில்லை. நடுவராக வந்திருந்த அம்மாவும் எரிமலைக்கு மதிப்பெண் போட்டுவிட்டு, இந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்து, அடுத்த வரிசைக்குத் திரும்பினார். எனக்கு வாய் துறுதுறுத்தது. ஒரு குரல் கொடுத்தால் போதும், மொத்தக் கூட்டத்தையும் திருப்பிவிடுவேன். மூச்சை இழுத்தேன். சந்திரகலா என் கையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"வாய மூடிட்டு இருங்க. அவ மேச."

அப்போதுதான் கேட்டது.

"வாங்கக்கா வாங்க! வாங்க அங்கிள்! பாத்துட்டுப் போங்க, பாக்கறதுக்குக் காசு இல்ல!"

என் வார்த்தை. என் இழுப்பு. 'வாங்க'வில் நான் கொடுக்கும் அந்தத் தூக்கல்கூட அப்படியே. வாளிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளை இத்தனை வருடமாக ஒன்றையும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மண்டபம் சிரித்துக்கொண்டே திரும்பியது. கிஷனே எரிமலையை விட்டுவிட்டு முதல் ஆளாக வந்து நின்றான். அப்போது யாராவது பூ கேட்டிருந்தால் என்னால் விலை சொல்லியிருக்க முடியாது.

நடுவர் அம்மாவும் வந்தார். நீலத்தையும் சிவப்பையும் பார்த்தார். கடைசி இரண்டு பூவைத் தொட்டார். "இது ரெண்டும் வெள்ளையாவே இருக்கே. வேலை செய்யலையா?"

"வேலை செஞ்சிருக்கு டீச்சர்." குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "எல்லாமே ஒரே நாள்ல வந்த பூ. எல்லாத்துக்கும் அதே கலர் தண்ணிதான். இந்த நாலும் வெளிய காத்துல இருந்துச்சு. இதழ்லேர்ந்து தண்ணி ஆவியாப் போகப் போக, தண்டு கீழேர்ந்து இழுத்துக்கிட்டே இருக்கும். கலரும் கூட வரும். இந்த ரெண்டும் சில்லர்ல இருந்துச்சு. குளிர்ல தண்ணி ஆவியாப் போகல, அதனால பூ குடிக்கவே இல்ல."

"அருமை. சில்லர்ல வச்சுப் பாக்கணும்னு யாரு சொன்னாங்க? புத்தகத்துல இருக்கா?"

"இல்ல டீச்சர். எங்க அப்பா கண்டுபிடிச்சாரு."

நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"அப்பா விஞ்ஞானியா?"

"பூக்கடை வச்சிருக்காரு" என்றாள் வாணி, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி.

நடுவர் அம்மா சிரித்துக்கொண்டே கூட்டத்தைப் பார்த்தார். "வாணியோட அப்பா வந்திருக்காரா?"

எல்லாத் தலையும் திரும்பியது. லோகேஸ்வரி டீச்சர் தேடினார். கடையில் நாள் முழுக்கக் கத்துகிற நான் தூணோடு இன்னும் ஒட்டிக்கொண்டேன். சந்திரகலா என் முதுகில் கையை வைத்து முன்னால் தள்ளினாள். மேசைக்குப் பின்னாலிருந்து வாணி என்னைப் பார்த்தாள். தன் வலது கையை மெல்ல உயர்த்தி, இப்படித்தான் என்று எனக்குக் காட்டினாள்.

நானும் கை தூக்கினேன்.