முன் இருப்பு

தம்பியின் தைரியத்துக்கு அன்று காலை சொன்ன விலை நாற்பதாயிரம். வந்தவர் இருபதுக்குக் கேட்டார்.

விற்பனைக்கு நிறுத்தியிருந்தது என்னவோ வண்டிதான். நானூற்றைம்பது சி.சி., ஃபோர் ஸ்ட்ரோக், மோட்டோகிராஸ் வண்டி. விளக்கு கிடையாது, ஹாரன் கிடையாது, பின்னால் ஒருவரை உட்காரவைக்க இடம் கிடையாது. சராசரி ஆளுக்குக் கால் எட்டாது. மண்மேட்டில் ஏறி, அந்தரத்தில் பறந்து, அடுத்த மேட்டில் இறங்குவதைத் தவிர வேறு எந்தக் காரியத்துக்கும் உதவாத சாமான். அதுவும் விழுந்து எழுந்த சாமான். அப்படிப்பட்டதை விற்கும்போது கூடவே வேறு எதையாவது தராசில் தூக்கிப் போட்டால்தான் தட்டு இறங்கும். அத்தான் தூக்கிப் போட்டது மைத்துனனின் தைரியத்தை.

அத்தான் என்பது அவர் பெயரல்ல. தம்பி அப்படிக் கூப்பிட, கடைக்கு வருகிறவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அதே கணக்கில் அவர் மனைவி ஊருக்கே அக்கா ஆகிவிட்டாள். முன்பக்கம் உதிரிபாகக் கடை. அங்கே அத்தான் வாயால் சம்பாதிப்பார். பின்பக்கம் தகரக் கொட்டகை. அங்கே அக்கா விரலால் சம்பாதிப்பாள். வால்வு இடைவெளியை மெல்லிய தகடு நுழைத்து அளக்கிற வேலைக்கு அவளை விட்டால் ஆள் இல்லை என்று பந்தயக்காரர்கள் வரிசையில் நின்ற காலம் உண்டு. தம்பி ஒன்பது வருடம் ஓட்டியதெல்லாம் அவள் கட்டிய இன்ஜின்தான்.

வாங்க வந்தவரை வியாபார வட்டாரத்தில் ‘பாதி’ என்பார்கள். எந்த விலையைச் சொன்னாலும் பாதியிலிருந்து ஆரம்பிப்பார். வீட்டில் சோறு ரெண்டு கரண்டி போடவா என்றால்கூட ஒண்ணு போடு என்பாராம்.

“இருபதா?” என்றார் அத்தான். “இருபதுக்கு முன் சக்கரம் வேணா தரேன், உருட்டிக்கிட்டுப் போங்க.”

“முன் சக்கரம்தான் கோணலா இருக்கே. அதை யார் கேட்டா?”

“கோணல் உங்க பார்வைல.”

“என் பார்வை நேராத்தான் இருக்கு. ஹேண்டில்பார் வளைஞ்சிருக்கு, கிளட்ச் பிடி உடைஞ்சிருக்கு, ரேடியேட்டர் அப்பளமாயிருக்கு. சரி, அதெல்லாம் சில்லறை. மணி எத்தனை ஓடியிருக்கு? அதைச் சொல்லுங்க.”

கொட்டகையின் ஓரத்தில் ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

இந்த வகை வண்டியின் வயதைக் கிலோமீட்டரில் கேட்க மாட்டார்கள், மணியில்தான் கேட்பார்கள். ஒவ்வொரு தடவை ஓட்டி வந்ததும் ஏர் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து எண்ணெய் பூச வேண்டும். ஐந்து மணி ஓடினால் ஆயில் மாற்ற வேண்டும். பதினைந்துக்கு வால்வு பார்க்க வேண்டும். நாற்பது ஆனால் பிஸ்டனைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு போட வேண்டும். அத்தனை பெரிய சிலிண்டருக்குள் ஒற்றைப் பிஸ்டன், நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று வேகத்தில் மேலும் கீழும் அடித்துக்கொள்கிற ஜீவன். நாற்பதுக்கு மேல் அது உழைப்பதெல்லாம் இலவசம். இலவசத்துக்கு விலைச்சீட்டு பிறகுதான் வரும்.

மணியைக் காட்ட, தீப்பெட்டி அளவில் ஒரு மீட்டர் வண்டியில் ஒட்டியிருக்கும். இன்ஜின் ஓடும்போது மட்டும் அது ஓடும்.

“நீங்களே பாருங்க,” என்றார் அத்தான். “இருபத்தொண்ணு புள்ளி மூணு. பிஸ்டனுக்கு இப்பத்தான் மீசை முளைச்சிருக்கு.”

‘பாதி’ குனிந்து மீட்டரைப் பார்த்தார். பிறகு வண்டியைக் கியரில் போட்டுத் தள்ளினார். பின் சக்கரம் சுற்றவில்லை. சிமெண்ட் தரையில் கறுப்பாகக் கோடு இழுத்தது.

“இன்ஜின் பிடிச்சிருக்கே.”

“அஞ்சு மாசம் ஒரே இடத்துல நின்னா எதுதான் பிடிக்காது? எனக்கு ஒரு ராத்திரி படுத்தாலே இடுப்பு பிடிச்சுக்குது.”

பாதி சிரித்தார். சிரிப்புக்கு ஐந்தாயிரம் ஏற்றிக் கொடுத்தார். “இருபத்தஞ்சு.”

சாமான் அறையின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தம்பி இது எதையும் கவனிக்காதவன்போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிரே நான்கு கால் நடைவண்டி நின்றது. இடுப்பில் தகடு, முதுகில் ஆறு திருகு. மாடிப்படி ஏற முடியாததால் டயர் அடுக்குகளை ஒதுக்கி அந்த அறையிலேயே கட்டில் போட்டிருந்தார்கள். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தான். மாதக்கணக்கில் அந்தக் கைக்கு அதுதான் இடம்.

பந்தயத் திடலில் அவன் பெயர் பல்லி. வண்டி எப்படித் துள்ளினாலும் ஒட்டிக்கொண்டிருப்பான் என்று வைத்த பெயர். ஐந்து மாதத்துக்கு முன் நடந்த பந்தயத்தில், கடைசிச் சுற்றுக்கு முந்தின சுற்றில், பெரிய மேட்டின் உச்சியை விட்டு வண்டி கிளம்புகிற நொடியில், மூக்கு கீழே கவிழ்ந்து தலைகுப்புற விழுந்தான். யாரோ போனில் எடுத்த பன்னிரண்டு விநாடிக் காட்சி ஒன்று இருந்தது. மேட்டின் உச்சியில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரை மூடினால் எந்த வண்டியும் அப்படித்தான் கவிழும். பார்த்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். பல்லி வாலை விட்டுவிட்டு ஓடப் பார்த்தது என்று சிரித்தார்கள். அணி நடத்துகிறவர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த வாரமே வேறு ஆளை எடுத்துக்கொண்டார்.

விழுந்த நொடி தம்பிக்கு ஞாபகமே இல்லை. அந்தக் காட்சியை நூறு தடவையாவது பார்த்திருப்பான். பார்த்துப் பார்த்து, ஞாபகத்தில் இல்லாத பயத்தை ஞாபகமாக்கிக்கொண்டான். “இந்தக் கைதான்க்கா மூடியிருக்கு,” என்று ஒருநாள் சொன்னான். அதற்குப் பிறகு கையைத் தொடைக்கு அடியில் வைத்துவிட்டான்.

மேட்டின் உச்சியில் வண்டி கவிழ வேறொரு காரணமும் உண்டு. இன்ஜின் அந்த நொடியில் உள்ளே உடைந்து இறுகினால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பார்க்க அதுவும் அதே பன்னிரண்டு விநாடிதான்.

அக்காவுக்கு அது தெரியும். விழுந்த மூன்றாம் நாள், அத்தான் ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்தில், தனியாக உட்கார்ந்து இன்ஜினைப் பிரித்தாள். பிஸ்டனின் அடிப்பக்கம் பிளந்து இரண்டு துண்டாகக் கீழே சிக்கிக் கிடந்தது. இருபத்தொரு மணி ஓடிய பிஸ்டன் ஏன் இப்படிப் போகும் என்று குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினாள். ஒரு பக்கம் பின்னால் போனதும் கிடைத்தது.

இதே பிஸ்டன் ஓடிக்கொண்டிருந்தபோது, பழைய மீட்டர் நடுவில் செத்துப்போயிருந்தது. புதுசு ஒட்டிய அன்று, புதுப் பக்கம் எடுத்து, அதுவரை ஓடிய மணியைத் தலையில் ‘முன் இருப்பு’ என்று எழுதப் பேனாவைத் திறந்தபோது கடையிலிருந்து அத்தான் கூப்பிட்டார். ஒரு ஆள் பிரேக் ஷூவுக்கு அரை மணி நேரம் பேரம் பேசிக்கொண்டிருந்தான். அக்கா போனால்தான் படிவான். படிந்தான், அந்தப் பேரத்தில் ஜெயித்தது அவள்தான். ஜெயித்த சூட்டோடு திரும்பி வந்து, மீட்டரைப் பார்த்து, பக்கத்தின் தலையில் 0.0 என்று எழுதினாள்.

பல் முளைத்த நாளிலிருந்து கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். ஒரு காசு முன் இருப்பை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுவர மறந்ததில்லை. முப்பத்தொன்று புள்ளி நாலு மணியை மறந்தாள்.

உடைந்த பிஸ்டனை அப்படியே உள்ளே வைத்து மூடினாள். போல்ட்டுகளைக் கையால் முடுக்கிவிட்டு விட்டிருக்கலாம், யார் பார்க்கப்போகிறார்கள்? பழக்கம் விடவில்லை. அளவுச் சாவியை எடுத்து, ஒவ்வொன்றையும் சரியான இறுக்கத்துக்கு முடுக்கினாள். பொய்யைக்கூட அளந்து முடுக்கினாள்.

நாளைக்குச் சொல்லலாம் என்று முதலில் நினைத்தாள். வலி குறையட்டும் என்று பிறகு நினைத்தாள். நாள் ஆக ஆக, சொல்ல வேண்டியது ஒன்று இரண்டாயிற்று: செய்த பிழை, மறைத்த பிழை. இன்றைக்கு வண்டி போய்விட்டால் இரண்டும் சேர்ந்து போய்விடும். ‘பாதி’ அந்த வண்டியை உதிரியாகப் பிரித்துத்தான் விற்பார். எந்தப் பிஸ்டன் எந்த ஆளை விழவைத்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை. தம்பி மட்டும் கையின்மேல் உட்கார்ந்திருப்பான்.

“முப்பது,” என்றார் பாதி. “அதுக்கு மேல ஏறினா எனக்கே தலை சுத்தும். உள்ளே என்ன ஆயிருக்குன்னு யாருக்குத் தெரியும்? இன்ஜின்ல கோளாறு இருந்தா என் தலைல விழும்.”

“கோளாறா?” அத்தான் சத்தமாகச் சிரித்தார். பேரத்தின் சூட்டில் இருந்தார். அந்தச் சூட்டில் அவருக்கு எதிரில் இருப்பவரைத் தவிர வேறு யாரும் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். “இன்ஜின் சிங்கம்ங்க. பையன் பயந்துட்டான், அவ்வளவுதான். மேட்டு மேல போயி மூடிட்டான். ஊரே பாத்துச்சே, நீங்க பாக்கலையா? பயத்துக்கு வண்டி என்ன பண்ணும்?”

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. திரும்பினார். வாய் திறந்தபடியே இருந்தது.

தம்பி தலையைத் தூக்கினான். அத்தானைப் பார்க்கவில்லை. பாதியைப் பார்த்து, சாதாரணமாக, கடைக்கு வந்த ஆளிடம் நேரம் சொல்வதுபோலச் சொன்னான்.

“ஆமாண்ணே. அத்தான் சொல்றது சரிதான். நான்தான் பயந்துட்டேன். வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல. எங்க அக்கா கட்டின இன்ஜின் அது. தைரியமா நாப்பது குடுக்கலாம்.”

பாதி மீசையைத் தடவினார். “சரி. நீயே சொன்ன பிறகு என்ன. முப்பத்தெட்டு.”

எட்டாயிரம் ஏறிவிட்டது. அக்கா ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

“கோளாறு இன்ஜின்லதான்,” என்றாள்.

“ஏய், நீ சும்மா இரு,” என்றார் அத்தான்.

“நீங்க சும்மா இருங்க. பிஸ்டன் உடைஞ்சு கிடக்கு உள்ளே. அதுதான் சக்கரத்தைப் பூட்டியிருக்கு. அவன் மூடல.” அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து வந்து வண்டியின் சீட்டில் விரித்தாள். “இது புது மீட்டர். பழசுல ஓடினதை நான் ஏத்தல. முன் இருப்பு விட்டுப்போச்சு.”

எல்லாரும் பார்க்க, அந்த 0.0 மேல் ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் எழுதினாள்: முன் இருப்பு 31.4. கீழே, இந்தப் பக்கத்து ஓட்டம் 21.3. கூட்டு 52.7. கழிக்க, பிஸ்டன் ஆயுள் 40. மிகுதி 12.7.

அத்தான் கிட்டே வந்து, அந்த எண்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கூட்டிப் பார்த்தார்.

“அஞ்சு மாசமா பக்கத்துல படுத்திருக்கேன்,” என்றார் அத்தான் மெதுவாக. “எனக்கே சொல்லலையாடி.”

பாதி ஒருவர் முகத்தையும் பார்க்காமல் தொண்டையைக் கனைத்தார். அவருக்கும் வீடு உண்டு, பிள்ளை உண்டு. ஆனால் வியாபாரம் அதற்கு முன்பே அவருக்குள் குடியேறிவிட்டது. “பிஸ்டன் போச்சுன்னா சிலிண்டரும் போயிருக்கும். முப்பத்தெட்டு போச்சு. முன்னாடி முப்பதுன்னு சொன்னேன்ல, அதுல பாதி, பதினஞ்சு.”

அத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பதில் விலை சொல்லவில்லை. பணத்தை எண்ணாமல் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, கியரை நியூட்ரலுக்கு மாற்றி, வண்டியைச் சிறு லாரிவரை தள்ளிக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை. கடைப் பக்கம் ஷட்டர் அரைவாசி இறங்குகிற சத்தம் கேட்டது.

வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அக்கா அதன் அருகே நின்றாள்.

“எப்ப தெரியும்?” என்றான் தம்பி.

“மூணாம் நாள்.”

“எதுலேருந்து மூணாம் நாள்?”

“நீ விழுந்ததுலேருந்து. நீ ஐ.சி.யூ.ல இருந்தே.”

“நான் கண்ணு முழிச்சது நாலாம் நாள்.”

“ஆமா.”

“முழிச்சதும் உன்கிட்ட முதல்ல என்னக்கா கேட்டேன்?”

“வண்டி எப்படி இருக்குன்னு கேட்டே.”

“நீ என்ன சொன்னே?”

“நல்லா இருக்குன்னு சொன்னேன்.”

தம்பி தலையாட்டினான். “மறந்து போறதுதான். யாருக்கும் ஆகும். நீ எழுதாம விட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்லலக்கா. நானும் ஒருநாள் புத்தகத்தைப் புரட்டிப் பாத்திருக்கலாம். என் வண்டிதானே. ஆனா அந்த வீடியோவை நான் பாக்கும்போதெல்லாம் நீ பக்கத்துலயே இருந்தே. காபி குடுத்தே.”

“மன்னிச்சுடுன்னு கேட்கக்கூட எனக்கு வாய் வரலடா.”

“கேட்காதே. இப்ப கேட்காதே. அந்தப் புத்தகத்தைக் குடு.”

கொடுத்தாள். பேனாவையும் கொடுத்தாள். அவன் இடது பக்கம் சாய்ந்து, வலது கையைத் தொடைக்கு அடியிலிருந்து உருவினான். மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்த கை, விரல்கள் வெளுத்திருந்தன. இரண்டு தடவை மூடி மூடித் திறந்தான், வேறு யாருடைய கையையோ சோதிப்பதுபோல. பிறகு பேனாவைப் பிடித்தான்.

கோணலாகத்தான் எழுத்து வந்தது. எழுதி முடித்ததும் புத்தகத்தைத் திறந்தபடியே நாற்காலியில் வைத்துவிட்டு, நடைவண்டியைப் பிடித்து எழுந்து, டயர்கள் நடுவே இருந்த கட்டிலுக்கு அடி அடியாகப் போனான். கதவைச் சாத்திக்கொண்டான். அந்த அறைக்கு வந்த பிறகு அவன் கதவைச் சாத்தியது அன்றுதான்.

அக்கா குனிந்து படித்தாள். அவள் எழுதிய 12.7க்குக் கீழே, அவள் வழக்கப்படியே, வரி தவறாமல் எழுதியிருந்தான்.

முன் இருப்பு: 12.7 மணி. தள்ளுபடி.
மூன்றாம் நாள் முதல் இன்று வரை: 150 நாள், நாளுக்கு 24. மொத்தம் 3600 மணி.
வரவு: இல்லை.
பாக்கி: 3600.