எல்க் பெண்ட் ஊருக்குத் திறந்த அரங்கம்

கார்விக் ஊரின் அரங்கத்தை நடத்துவது நாங்கள் ஐந்து பேர். நகரசபை எங்களை நியமிக்கிறது, சம்பளம் கிடையாது. ஊரில் விற்கும் ஒவ்வொரு பொருளின் வரியிலிருந்தும் ஒரு துளி எங்களுக்கு வரும். அது கட்டடக் கடனுக்கே சரியாகப் போய்விடும். கரண்டு, பனிச்சறுக்குத் தளம், ஆட்கள் சம்பளம் எல்லாம் நிகழ்ச்சி வருமானத்தில்தான் ஓட வேண்டும். எங்கள் தலைவி வெர்னா லிண்ட்க்விஸ்ட், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்.

பக்கத்து ஊர் எல்க் பெண்ட் வாக்கெடுப்பில் மறுத்து, இந்த வரியில் எங்களோடு சேரவில்லை. சேரவிடாமல் தடுத்தவர் ஆப்பிள் தோட்டக்காரர் கிளைட் ஹட்சன்ஸ். "கார்விக்காரங்க சறுக்கி விளையாட நாங்க எதுக்கு வரி கட்டணும்?" என்று போகிற கூட்டத்திலெல்லாம் கேட்டவர்.

அந்த ஆகஸ்டில் மலைக்காடு பற்றிக்கொண்டது. காற்று எல்க் பெண்ட் பக்கம் திரும்ப, ஊரையே காலி செய்யச் சொன்னார்கள். எங்கள் அரங்கில் அந்த வாரம்தான் காளைச் சவாரிப் போட்டி. வருடத்தில் நல்ல லாபம் தருவது அது ஒன்றுதான்.

அந்த ஊர்க்காரர்களை அரங்கில் தங்க வைப்பதா என்று கூடிய அவசரக் கூட்டத்தில் அரங்க மேலாளர் டுவைன் கெஞ்சினார். "போட்டியை நிறுத்தினா கடன் தவணை கட்ட முடியாது வெர்னா. பள்ளிக்கூடத்துல தங்க வைக்கலாமே."

"அங்க புகையை வடிகட்டுற மெஷின் இல்ல, டுவைன். நம்மகிட்ட இருக்கு."

"அவங்க இதுக்கு ஒரு காசு குடுக்கல!"

"தெரியும். வாசல்ல நின்னு ரசீது கேக்கச் சொல்றீங்களா?"

எங்கள் ஐந்து பேர் கைகளும் உயர்ந்தன. போட்டி ரத்தானது.

அன்று மாலையே கார்கள் வரிசையாக வந்தன. ஒன்றிலிருந்து கிளைட் இறங்கினார். பின் சீட்டில் ஆக்சிஜன் குழாயோடு அவர் மனைவி மார்லீன்.

"உள்ள வரலாமான்னு கேக்க எனக்கு வாய் இல்ல, வெர்னா."

"உங்களுக்கா வாய் இல்ல? நல்ல கதை. அந்தப் பக்கம் பிடிங்க, முதல்ல அவங்களை இறக்குவோம்."

விளையாட்டு வீரர்கள் உடை மாற்றும் அறையில் மார்லீனைப் படுக்க வைத்தோம். நெருப்பு சாலையை மறித்திருந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. விடியும்போது அவர் உயிர் அடங்கியது. ஒரு கையைக் கிளைடும் மறு கையை வெர்னாவும் பிடித்திருந்தார்கள். வெகுநேரம் இருவரும் விடவில்லை.

கிளைடின் தோட்டமும் எல்க் பெண்டில் பல வீடுகளும் எரிந்து போயின. போட்டிப் பணம் வராததால் எங்களுக்கும் மூச்சு முட்டியது. அரங்க வரியில் சேர்வதா என்று எல்க் பெண்ட் மறுபடி வாக்களிக்க ஏற்பாடானது. அந்த ஊர்க் கூட்டத்தில் கிளைட் எழுந்தார்.

"என் மார்லீன் கடைசி மூச்சை நல்ல காத்துல விட்டா. அந்தக் காத்துக்கு நான் எதுவும் குடுக்கல." சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஆனாலும் ஊர் வேண்டாம் என்றே வாக்களித்தது. வெர்னாவுக்குக் கோபமே வரவில்லை. "வீட்டைப் பறிகுடுத்தவங்ககிட்ட வரி கேட்டது நம்ம தப்பு" என்றார்.

அந்தக் குளிர்காலம் பனித்தளத்தை மூடினோம். இரண்டு பேரை வேலையை விட்டு அனுப்பினோம். அவர்களிடம் வெர்னாவே வீடு தேடிப் போய்ச் சொன்னார். கடனுக்குத் தவணை நீட்டிப்பு வாங்கினோம். கட்டடம் கை விட்டுப் போகவில்லை.

கிளைட் கார்விக்கில் வாடகைக்குக் குடி வந்தார். எங்களில் ஒருவர் விலகியபோது நகரசபை அவரை நியமித்தது. முதல் கூட்டத்திலேயே கரண்டு பில்லை வைத்துக்கொண்டு டுவைனோடு மல்லுக்கு நின்றார். மாதக்கணக்கில் சிரிக்காத வெர்னா அன்று சிரித்தார்.